பொன்னாங்காணியரின் இரண்டு கண்கள்

வன்னியில் யானையிடம் அகப்பட்டுத் தப்பியவர்களைக் கண்டிருக்கிறேன். பாம்பு கடித்துப் பிழைத்து, அந்தப் பெருமையிலேயே மிச்ச ஆயுளை ஓட்டியவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் சொந்தக் கண் இரண்டோடும் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை மல்லுக்கட்டிய ஒரே மனிதர் எங்கள் பொன்னாங்காணியர்தான். அவர் கண்களால் பட்ட பாட்டை விட, அந்தக் கண்கள் அவரால் பட்ட பாடுதான் அதிகம்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. கிளிநொச்சியில் காடு வெட்டி, குளத்துத் தண்ணீரை நம்பிக் குடும்பங்கள் குடியேறிக்கொண்டிருந்த காலம். அந்தக் குடியேற்றத் திட்டத்துக் கந்தோர் ஒன்றில் நான் புதிதாக வந்து சேர்ந்த கிளாக்கர். பொன்னாங்காணியர் அங்கே ஸ்ரோர்கீப்பர். மண்வெட்டி, கத்தி, சீமெந்து, முள்ளுக்கம்பி எல்லாம் அவர் பொறுப்பில். கந்தோருக்குப் பின்னால் இருந்த குவாட்டர்ஸில் அவரும் நானும், சமையலுக்குச் செல்லையா என்ற மனிதருமாக இருந்தோம். பொன்னாங்காணியருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். அவரே சில வேளை, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தவர்கள் சோடாப் போத்தலின் அடியை வெட்டிப் போட்டது மாதிரி என்பார்கள். அது மிகைப்படுத்தல் இல்லை, குறைத்துச் சொல்வது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ஒரு முழத்துக்கு அப்பால் அவருக்கு உலகமே கிடையாது. ஒருநாள் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தவர், விறாந்தைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வேட்டியையும் சேட்டையும் பார்த்து, "இரும், உடுத்திக்கொண்டு வாறன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குள் நான் உடுப்பை எடுத்துவிட்டேன். வந்து பார்த்தவர், தேடி வந்த மனிதர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று இரவு முழுவதும் கவலைப்பட்டார்.

இதற்கெல்லாம் நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒரு விஷயத்துக்கு மட்டும் சிரிக்கமாட்டார், அது அவருடைய தகப்பன். வடமராட்சியில் இருந்த அந்த மனிதருக்கும் இதே கண்தான். ஐம்பது வயதுக்குள் இரண்டும் அடுத்தடுத்து இருண்டுவிட்டன. வீட்டு வாசலிலிருந்து கிணற்றடிக்கு ஒரு கயிறு கட்டிவிட்டிருந்தார்கள். சாகும்வரை அவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போய் வந்தாராம். இதைச் சொல்லும்போது பொன்னாங்காணியரின் குரல் இறங்கிவிடும். தனக்கும் அந்தக் கயிறு வந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பிரார்த்தனை. அந்தப் பயத்தோடு அவர் செய்த கூத்துகள்தான் எங்கள் குவாட்டர்ஸின் இலவசப் பொழுதுபோக்கு.

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. தடித்த கண்ணாடி போட்ட ஒருவரைக் கண்டால் மருந்து சொல்லாமல் கடந்து போக மனம் வராது. மருந்து சொல்பவர் வைத்தியராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மண்வெட்டி வாங்க வந்தவர் ஒன்று சொல்வார், மண்வெட்டியைத் திருப்பித் தர வந்தவர் அதை மறுத்து வேறொன்று சொல்வார். பொன்னாங்காணியர் யாரையும் மனம் நோகவிடமாட்டார். இரண்டையும் செய்வார்.

முதலில் வந்தது கீரை. பொன்னாங்காணி தின்றால் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பட்டப்பகலில் எதிரே நிற்கிற எங்கள் மேலதிகாரி என்ஜினியரைத் தெரிந்தால் போதும் என்று நான் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பக்கத்து முரசுமோட்டையில் வயல் செய்யும் கமக்காரர்கள் செய்தி கேள்விப்பட்டதும் சாக்குச் சாக்காகக் கீரை கொண்டுவரத் தொடங்கினார்கள். வாய்க்கால் கரையில் தானாக மண்டிக் கிடக்கிற சாமான் அது. வாய்க்காலும் துப்புரவாகும், ஸ்ரோர்கீப்பரும் குளிர்ந்து போவார். எங்களைத் தவிர எல்லோருக்கும் லாபம். காலையில் கீரை வறை, மத்தியானம் கீரைக் கடையல், இரவில் கீரைச் சொதி. ஒரு கட்டத்தில் செல்லையா தேநீர் கொண்டுவந்தால்கூட நான் கோப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

அடுத்தது அப்பியாசம். பெருவிரலை மூக்குக்கு நேரே நீட்டி, அதை ஒருமுறை, தூரத்து மரத்தை ஒருமுறை என்று மாறி மாறிப் பார்க்க வேண்டுமாம். மரம் அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம், மரம் இருக்கிற திசை தெரியும். இதை அவர் ஸ்ரோரின் யன்னலில் நின்று செய்வார். ஒருநாள் முள்ளுக்கம்பி வாங்க முரசுமோட்டையிலிருந்து நடந்து வந்த ஒரு கமக்காரருக்கு, அவர் வாய் திறப்பதற்கு முன்பே பெருவிரல் நீண்டுவிட்டது. மனிதர் அப்படியே திரும்பி நேரே என்ஜினியரிடம் போய், கம்பி இல்லையென்றால் வாயால் சொல்லலாம், விரலைக் காட்டி அவமானப்படுத்த வேண்டியதில்லை என்று முறையிட்டார். என்ஜினியர் பொன்னாங்காணியரைக் கூப்பிட்டு விசாரித்தார். விசாரணை நடந்த நேரம், துரதிர்ஷ்டவசமாக, கண்ணை மேலும் கீழும் உருட்டுகிற நேரம். என்ஜினியர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இவர் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றார். அந்த வருடம் அவருக்குச் சம்பள உயர்வு ஏன் பிந்தியது என்று எங்களுக்குத் தெரியும், அவருக்குக் கடைசிவரை தெரியாது.

மூன்றாவதாக வந்தது சுறா எண்ணெய். அதைக் கொண்டுவந்தவர் முல்லைத்தீவுச் சவிரிமுத்து. மீன் லொறி ஓட்டுகிறவர், கத்தோலிக்கர், நல்ல மனிதர். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவருக்கும் தரைக்கும் சம்பந்தம் இருக்காது. யாழ்ப்பாணத்துக்கு மீன் கொண்டுபோகும் வழியில் எங்கள் சந்தியில் தேநீர் குடிக்க நிறுத்துவார். சுறா ஈரலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைக் குடித்துத்தான் தங்கள் கடற்கரையில் எண்பது வயதுக் கிழவனும் ஊசியில் நூல் கோர்க்கிறான் என்று அவர் சொன்னார். பொன்னாங்காணியருக்குத் தர்மசங்கடம் வந்துவிட்டது. அவர் சுத்த சைவம். மீன், மச்சம் சமைத்த சட்டியை அடுத்த வீட்டில் கழுவினால்கூட இந்த வீட்டில் மூக்கைப் பொத்துகிற சாதி.

அவர் ஒரு கிழமை யோசித்தார். கடைசியில், மருந்து மச்சமாகாது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். ஆனால் தீர்ப்பில் நிபந்தனைகள் இருந்தன. போத்தல் குசினிக்குள் வரக்கூடாது. கரண்டி தனி, அது முற்றத்து வேம்பில் தொங்க வேண்டும். குடித்ததும் வாய் கொப்பளித்துத் திருநீறு பூச வேண்டும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க்கு விரதம். சைவத்துக்கு ஒரு குறையும் வராமல் அவர் சுறாவைக் குடித்தார். வந்த ஒரே குறை பூனைகள். கிளிநொச்சியில் உள்ள பூனைகள் எல்லாம் காலையில் குவாட்டர்ஸ் வாசலில் கூடி, அவருக்குப் பின்னால் கந்தோர்வரை ஊர்வலமாகப் போகும். அவருக்கு அவை தெரிவதில்லை. தன்னைக் கண்டதும் ஆட்கள் எழுந்து நின்று வழிவிடுவதை மட்டும் கவனித்து, ஸ்ரோர்கீப்பர் உத்தியோகத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று என்னிடம் கேட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். தலைகீழாக நிற்பது அப்படி இல்லை. தலையைக் கீழே வைத்துக் காலை மேலே தூக்கினால் இரத்தம் கண்ணுக்கு ஓடும், கண் பலப்படும் என்று ஒருவர் சொல்லி, இவர் விடியற்காலையில் ஸ்ரோர்ச் சுவரோடு தலைகீழாக நிற்கத் தொடங்கினார். சில மாதம் நின்றார். பிறகு ஒருநாள் சீமெந்துச் சாக்குகளின் மேல் விழுந்து கழுத்தைச் சுளுக்கிக்கொண்டார். நானும் செல்லையாவும் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆசுப்பத்திரியில் டொக்டருக்குப் பதிலாக இருந்த அப்போதிக்கரியிடம் போனோம்.

அப்போதிக்கரி கழுத்தைப் பார்த்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவருடைய கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"காணும், உம்முடைய கண் மற்ற ஆக்களின்ர கண்ணை விட நீளம்" என்றார். "நீளமான கண்ணில பின்பக்கத்துச் சவ்வு இழுபட்டு மெலிஞ்சு போயிருக்கும். கீரையைத் தின்னும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. எண்ணெய் மாலைக்கண்காரருக்கு நல்லது. நீர் எவ்வளவு குடிச்சாலும் உம்முடைய கண் கட்டையாகாது."

எண்ணெயும் அளவுக்கு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும் என்றார். தலைகீழாக நிற்கக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது, பாயக் கூடாது. அப்பியாசம் செய்யத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு பின்னேரமும் வாய்க்கால் வரம்பில் ஆறுதலாக நடந்தால் போதும் என்றார். கடைசியாக ஒன்றை மட்டும் என்னையும் பார்த்துச் சொன்னார். கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, கறுப்புப் புள்ளிகள் பறந்தாலோ, ஒரு பக்கம் இருட்டிக்கொண்டு வந்தாலோ, அது சவ்வு கழலுகிற அறிகுறி. அன்றைக்கே யாழ்ப்பாணத்துப் பெரிய ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும், அதுவும் தலையை ஆட்டாமல் படுத்துக்கொண்டு போக வேண்டும்.

வெளியே வந்ததும் பொன்னாங்காணியரின் முகம் வாடிவிட்டது. பயத்தினால் அல்ல. நடப்பது ஒரு மருந்தா என்ற ஏமாற்றத்தினால். கஷ்டப்படாமல் குணமாகிற வருத்தம் எதையும் அவர் நம்புவதில்லை. ஆனாலும் சொல் தவறாத மனிதர். தலைகீழாக நிற்பதை விட்டார். சாக்குத் தூக்குவதை விட்டார். வாய்க்காலைத் தாண்டிப் பாயாமல் பாலம்வரை சுற்றி நடந்தார். அப்போதிக்கரி சொன்னதைச் சட்டப் புத்தகம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். சட்டப் புத்தகத்தைப் பிடிப்பவர்கள் அதில் எது எழுதப்படவில்லை என்றும் பார்ப்பார்கள் அல்லவா?

அந்த ஓட்டையைக் காட்டியவர் முரசுமோட்டையில் குடியேறியிருந்த ஓர் அம்மா. மண்வெட்டி வாங்க வந்த இடத்தில் அவா சொன்னா, முல்லைத்தீவுப் பக்கத்து அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து போட்டு, வீதியில் உருண்டு பிரதட்டை செய்தால் கண் வருத்தம் எதுவானாலும் தீரும் என்று. பொன்னாங்காணியர் அந்த இடத்திலேயே நேர்த்தி வைத்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் நகை செய்யும் பத்தரிடம் போய் வெள்ளிக் கண்மலருக்குச் சொன்னபோது, தன்னுடைய கண் நீளமென்று அப்போதிக்கரி சொல்லியிருக்கிறார், அதனால் அதைக் கொஞ்சம் நீட்டிச் செய்ய வேண்டும் என்று கேட்டாராம். அம்மனுக்கு ஆள் மாறிப் போய்விடக் கூடாதே.

உருளுவது கண்ணுக்கு நல்லதா என்று நான் கேட்டேன்.

"தம்பி, நிக்கக் கூடாதெண்டு சொன்னவர், நான் நிக்கேல்லை. தூக்கக் கூடாதெண்டு சொன்னவர், தூக்கேல்லை. உருளக் கூடாதெண்டு அவர் சொன்னவரே?"

அப்போதிக்கரி சொல்லவில்லைதான். வெந்த சோற்றைத் தலையில் கவிழ்க்கக் கூடாது என்றுகூட அவர் சொல்லவில்லை.

பொங்கலன்று முதல் பஸ்ஸில் நாங்கள் மூவரும் போனோம். தண்ணீரூற்றில் இறங்கி, சனத்தோடு சனமாகக் கோயிலுக்கு நடந்தோம். வைகாசி வெயில் மணலைச் சட்டி மாதிரிக் காய்ச்சி வைத்திருந்தது. பொன்னாங்காணியர் தீர்த்தமாடி, ஈர வேட்டியோடு வந்து, கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தார். பிரதட்டை செய்பவர்களுக்கு ஒருவர் கூடவே போய்த் திசை திருத்திவிட வேண்டும். கால் பக்கம் செல்லையா, தலைப் பக்கம் நான். மற்றவர்களுக்குத் திசை தப்பினால் ஒரு முழம் தப்பும். இவருக்குத் தப்பினால் மாவட்டமே தப்பும். முதல் சுற்றிலேயே செல்லையா ஒருமுறை சாமி கும்பிட நிமிர்ந்த நேரத்தில், இவர் வீதியை விட்டு விலகி நேரே வறுத்த நிலக்கடலை விற்கும் ஒரு கச்சான் கடைக்குள் உருண்டு போய்விட்டார். கச்சான்காரி, நேர்த்தி அம்மனுக்கா தன்னுடைய கடைக்கா என்று கேட்டா. அவருடைய முதுகில் ஒட்டியிருந்த கச்சானைத் தட்டிவிட்டு, மறுபடி வீதிக்குத் திருப்பிவிட்டோம்.

இரண்டாம் சுற்றின் முடிவில் அவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். முகம் முழுக்க மணல், மணலுக்குள் ஒரு சிரிப்பு.

"தம்பி, வெளிச்சம் தெரியுது. பளிச் பளிச்செண்டு வெட்டுது. அம்மன் காட்டிப்போட்டா."

பக்கத்தில் நின்ற பெண்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். பிறவிக் குருடர் ஒருவருக்குக் கண் திறந்துவிட்டது என்று செய்தி நான் திரும்புவதற்குள் கிழக்கு வீதிக்குப் போய்விட்டது. ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தா. இந்தச் சந்தடியில் சவிரிமுத்துவும் வந்து சேர்ந்தார். லொறியைக் கோயிலடியில் நிறுத்திவிட்டுப் பொங்கல் பார்க்க வந்த மனிதர், சனத்தை விலக்கிக்கொண்டு வந்து, இது தன்னுடைய எண்ணெயின் வேலை என்றார். செல்லையா விடவில்லை, இத்தனை காலம் கீரை சமைத்துப் போட்டவன் தான் என்று நெஞ்சில் தட்டினார். கண் ஒன்று, அம்மனையும் சேர்த்து உரிமைக்காரர் மூன்று பேர்.

நான் மட்டும் அவர் பக்கத்தில் குனிந்தேன். மின்னல் வெட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அப்போதிக்கரி சொன்னதை அவருடைய காதுக்குள் ஞாபகப்படுத்தினேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"அது ஆசுப்பத்திரி மின்னல் தம்பி. இது அம்மன்ர வெளிச்சம்."

கறுப்பாக ஏதாவது பறக்கிறதா என்று கேட்டேன். பொங்கல் கோயிலில் சோற்றை மொய்க்கிற இலையான் இல்லாமல் இருக்குமா என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண்மலரைக் காணிக்கையாகப் போட உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். பூசை நடந்துகொண்டிருந்தது. திரை முழுவதும் விலகி, தீபம் காட்டி, எல்லோருடைய கைகளும் தலைக்கு மேலே இருந்தன. அவர் கையைக் கூப்பவில்லை. தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்த்தார். மறுபக்கம் சரித்துப் பார்த்தார்.

"ஏன் தம்பி, திரையைப் பாதியில விட்டிருக்கினம்?"

அவரே வலது கண்ணைக் கையால் பொத்தினார், பிறகு இடது கண்ணைப் பொத்தினார். வலது கண்ணுக்கு அம்மன் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். இடது கண்ணுக்குப் பாதி கறுத்திருந்தது. அவர் கண்மலரை மெல்லத் தட்டில் வைத்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போதிக்கரி சொன்னது இதுதானோ?"

"ஓம் அண்ணை."

அத்தோடு கூத்து முடிந்தது.

படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும். பொங்கல் கூட்டத்தில் கார் ஏது? பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. மாட்டு வண்டியில் ஏற்றினால் பளைக்குப் போவதற்குள் இரண்டு கண்ணும் கழன்று மடியில் விழும். சவிரிமுத்து அதுவரை எண்ணெயின் பெருமை பேசிக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் ஓடிப்போய் லொறியைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்தார். மீன்பெட்டிகளை இரு பக்கமும் ஒதுக்கி, நடுவே வைக்கோலும் சாக்கும் பரப்பினார். இரண்டு சாக்கில் மணல் அள்ளிக் கட்டித் தலைக்கு இரு பக்கமும் வைத்தார். நான் தலைமாட்டில் உட்கார்ந்து அவருடைய தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். செல்லையா கால்மாட்டில். சுறாவும் பாரையும் நெருங்கிக் கிடக்க, ஐஸ் தண்ணீர் முதுகின் கீழே ஓட, எங்கள் சுத்த சைவர் அசையாமல் படுத்திருந்தார். மச்சத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

வன்னி வீதிகளில் சவிரிமுத்து ஓடிய ஓட்டம் பற்றி ஊரில் கதைகள் உண்டு. அன்று அவர் ஓட்டியதற்கும் கதை வேண்டும். சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. வைக்கோல் வண்டி ஒன்று தாண்டிப் போனது. வண்டிக்காரன் திரும்பி, லொறி பழுதா என்று அனுதாபத்தோடு கேட்டான். அந்த வீதியின் ஒவ்வொரு குழியும் சவிரிமுத்துவுக்குத் தெரியும். அதுவரை அவற்றின் மேல் பறந்துதான் அவருக்குப் பழக்கம். அன்று ஒவ்வொன்றுக்கும் முன்னால், "பிடியுங்கோ, பள்ளம் வருது" என்று குரல் கொடுத்து, லொறியை நிறுத்துவது போல இறக்கி ஏற்றினார். ஐஸ் கரைந்து, மீன் பழுதாகிற மணம் வரத் தொடங்கியது. முதலாளிக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று செல்லையா கேட்டதற்கு, அவரும் கண்ணாடி போட்ட ஆள்தான், விளங்கும் என்றார் சவிரிமுத்து.

ஆனையிறவில் காற்று உப்பு மணத்தோடு வந்தது. பொன்னாங்காணியர் அதுவரை மேலே வானத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"தம்பி, பொழுது படுதோ, இல்லை என்ர கண்ணோ?"

"பொழுதுதான் அண்ணை. எனக்கும் இருட்டுது."

பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"கிணத்தடிக்குக் கயிறு கட்டவேண்டி வருமோ?"

கேலி பேசியே பழகிப்போன வாய் எனக்கு. ஆறுதல் சொல்லத் தெரியாது.

"கயிறெல்லாம் ஸ்ரோரில உங்கட பொறுப்பிலதான் கிடக்கு" என்றேன். "நீங்கள் கையெழுத்து வைக்காமல் ஒருத்தரும் எடுக்கேலாது."

அவர் சிரித்தார். சிரித்தால் தலை ஆடும் என்று நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை கையை எடுக்கவில்லை. அந்தத் தலைக்குள் அவ்வளவு முட்டாள்தனம் இருந்தது, அதில் ஒரு துளியும் கெடுதல் இருந்ததில்லை. அதைக் கையில் வைத்திருந்தபோது, இந்த மனிதருக்கு இருட்டிவிட்டால் எனக்குத் தாங்காது என்று தெரிந்தது.

கண் டொக்டர் கடுமையான மனிதர். எங்களைக் கண்டதும் முதலில் மீன் மணத்துக்கு ஏசினார், பிறகு பரிசோதித்துவிட்டுத் தலைகீழ் அப்பியாசத்துக்கு ஏசினார். உருண்டதால் வந்ததா, வர இருந்ததா என்று திட்டமாகச் சொல்ல முடியாது என்றார். வலது கண்ணிலும் மெலிந்த இடம் இருந்தது, வழியில் குலுங்கியிருந்தால் அதுவும் போயிருக்கலாம் என்றார். இரண்டு கண்ணையும் கட்டி, தலையை அசையவிடாமல் படுக்கவைத்தார்கள். சத்திரசிகிச்சை நடந்தது. கிழமைக்கணக்கில் அவர் அப்படியே கிடந்தார். அந்த வார்டில் அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வழக்கம்போல மருந்து சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஒருவர் நாகதாளிப் பழத்தைக் கொண்டே வந்துவிட்டார். கண் கட்டியிருந்த பொன்னாங்காணியர் அவருக்கும் நன்றி சொன்னார்.

கட்டு அவிழ்த்த அன்று நான் லீவு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். டொக்டர் கண்ணாடியை மாட்டிவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டார். பொன்னாங்காணியர் வலது கண்ணால் சுற்றிப் பார்த்தார். கட்டில், யன்னல், டொக்டர், கடைசியில் என் முகம்.

"தம்பி மெலிஞ்சு போனார்" என்றார் டொக்டரிடம். "செல்லையா கீரை சமைக்கிறதை விட்டிட்டான் போல கிடக்கு."

வலது கண் காப்பாற்றப்பட்டுவிட்டது. இடது கண்ணுக்கு நிழல் மட்டும் வந்தது. ஆள் அசைந்தால் தெரியும், யார் என்று தெரியாது. டொக்டர் சொன்ன அப்பியாசமும் அப்போதிக்கரி சொன்னதுதான்: நட. இந்த முறை அவருக்கு ஏமாற்றம் இல்லை. கிளிநொச்சிக்குத் திரும்பியதும் பின்னேரங்களில் வாய்க்கால் வரம்பில் நடக்கத் தொடங்கினார். மூன்றாம் நாளே இடப்பக்கம் வரம்பு முடிந்தது தெரியாமல் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கிவிட்டு, குளிக்கத்தான் இறங்கினேன் என்று சாதித்தார். அதற்குப் பிறகு நான் அவருடைய இடப்பக்கத்தில் நடந்தேன். வேறொருவருடைய கண்ணுக்கு நான் ஏன் அப்பியாசம் செய்ய வேண்டும் என்று தினமும் முறைப்பட்டுக்கொண்டே நடந்தேன். எனக்கு மாற்றலாகும்வரை ஒரு பின்னேரமும் தவறவில்லை. அவருக்குக் கயிறு கடைசிவரை தேவைப்படவில்லை.

அவர் காலமாகி வெகுநாளாகிவிட்டது. எனக்குக் கலியாணமான புதிதில், ஏன் ரோட்டில் போகும்போது எப்போதும் இந்தப் பக்கமே வாறியள் என்று மனைவி கேட்டா. பழக்கம் என்றேன். இன்றைக்கும் யாரோடு நடந்தாலும் நான் இடப்பக்கம்தான் நடக்கிறேன். அந்தப் பக்கத்தை வெறுமையாக விட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.